வேலியில்லாத வீடு: பிளனகன் சுவாமியார் சரித்திரம்



குற்றம் செய்து பிடிபட்ட ஒரு சிறுவனை நீதிபதி சிறைக்கு அனுப்பாமல், நம்பத்தகுந்த ஒருவருடைய பொறுப்பில், ஒரு வீட்டில் தங்கியிருக்கும்படி விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காய் நடந்தால் விடுதலை. தவறினால் மறுபடியும் கோர்ட்டு, அதன்பின் சீர்திருத்தப் பள்ளி. இதுவே நிபந்தனை. வந்த சில நாட்களுக்குள் அந்தப் பையன் வீட்டுச் சட்டத்தை மீறிவிடுகிறான். குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை. அல்லது பக்கத்துப் படுக்கைக்காரனுடைய காசைத் திருடிவிட்டான். அல்லது ஒருவனை அடித்துக் காயப்படுத்திவிட்டான். வீட்டை நடத்துகிறவர் இப்போது என்ன செய்வது?

உடனே கோர்ட்டுக்கு அறிவித்து அவனை அனுப்பிவிட வேண்டும் என்பார் சிலர். தாய் தகப்பனில்லாத பிள்ளை, கண்டும் காணாமலும் விட்டுவிட வேண்டும் என்பார் வேறு சிலர். முதல் வழி பையனைக் கெடுக்கும். இரண்டாம் வழி பையனோடு வீட்டையும் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று தமது ஜீவியத்தால் காட்டிய ஒரு குருவானவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவர் பெயர் எட்வர்ட் பிளனகன். அமெரிக்காவில் சிறுவர் நகரம் என்ற இல்லத்தை ஸ்தாபித்தவர் இவரே.

பிளனகன் 1886-ம் ஆண்டு ஜூலை மாதம் 13-ம் தேதி அயர்லாந்து தேசத்தில், ராஸ்காமன் நாட்டுப்புறத்தில் பிறந்தார். தகப்பனார் ஆடுமாடுகளைப் பராமரிக்கும் குடியானவர். பதினொரு பிள்ளைகளில் இவர் எட்டாவது. சிறுவயதில் தேகபலம் குறைந்தவராயிருந்ததால் மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. வழிதப்பிய ஆட்டைத் தேடிப்போகும் வேலையைப் பிற்காலத்தில் வேறு விதத்தில் அவர் செய்ய வேண்டியிருந்தது.

1904-ல் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தார். குருவாக வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் அந்த ஆசை நிறைவேற எட்டு வருடம் பிடித்தது. நியூயார்க் குருமடத்தில் படிக்கும்போது நுரையீரல் நோய் கண்டு படிப்பு நின்றது. ரோமாபுரிக்குச் சென்றார், அங்கேயும் உடல் தாங்கவில்லை. திரும்பி வந்து நெபிராஸ்கா மாகாணத்திலுள்ள ஒமாஹா நகரத்தில் ஓர் இறைச்சிக் கம்பெனியில் கணக்கெழுதினார். இவ்வளவுக்கும் பிறகு ஆஸ்திரியா தேசத்து இன்ஸ்பிருக் நகரில் வேதசாஸ்திரம் படித்து முடித்து, 1912-ம் ஆண்டு ஜூலை மாதம் 26-ம் தேதி குருப்பட்டம் பெற்றார். இரண்டு தடவை பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவர், மூன்றாம் தடவை நிலைத்து நின்றார். ஒரு தடவை தோற்றவனை ஒரேயடியாய்த் தோற்றவன் என்று எண்ணாத மனம் அவருக்கு இருந்ததற்கு இந்த அநுபவமும் ஒரு காரணமாயிருக்கலாம்.

குருவானபின் ஒமாஹா நகரத்தில் உதவிக் குருவாயிருந்தார். 1913-ம் ஆண்டு பாஸ்கு ஞாயிறன்று ஒரு பெரும் சுழற்காற்று அந்நகரத்தை அழித்துப் பலரைக் கொன்றது. அதையடுத்து மழையில்லாமல் பயிர் கெட்டு, அறுவடைக் கூலிக்காக வந்தவர்கள் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். அவர்கள் இரவில் படுக்க ஒரு விடுதியை பிளனகன் சுவாமியார் திறந்தார். வேலையற்றவர், குடிகாரர், சிறையிலிருந்து வெளிவந்தவர் எல்லாரும் அங்கே வந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு விஷயத்தை அவர் கண்டுகொண்டார். அநேகமாய் ஒவ்வொருவனுடைய கதையும் ஒரே இடத்தில்தான் தொடங்கிற்று. தாய் இறந்தாள், தகப்பன் ஓடிப்போனான், பையன் தெருவுக்கு வந்தான், திருடினான், அடிபட்டான், மறுபடியும் திருடினான். வளர்ந்த மரத்தை வளைக்கப் பார்ப்பதைவிடக் கன்றாயிருக்கும்போதே தாங்கிக் கட்டுவது மேல் என்று அவர் தீர்மானித்தார்.

அதற்காக அவர் போன இடம் சிறுவர் கோர்ட்டு. அங்கே உட்கார்ந்து வழக்குகளைக் கவனித்தார். பசிக்கு ரொட்டி திருடியவனும், கூட்டாளியோடு சேர்ந்து பூட்டை உடைத்தவனும், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றியவனும் ஒரே வரிசையில் நிற்பதைக் கண்டார். சீர்திருத்தப் பள்ளிக்குப் போன பையன், அங்கே மூத்தவர்களிடம் பெரிய திருட்டைக் கற்றுக்கொண்டு திரும்புவதையும் கண்டார். ஆகவே இவர்களில் சிலரை என் கண்காணிப்பில் விடுங்கள் என்று நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். நீதிபதியும் சம்மதித்தார். ஆனால் தெருவில் வாழும் பையனைக் கண்காணிப்பது எப்படி? அவனுக்கு ஒரு வீடு வேண்டும்.

ஒமாஹா மேற்றிராணியாருடைய அநுமதி பெற்று, ஒரு சிநேகிதரிடம் 90 டாலர் கடன் வாங்கி, அதை முதல் மாத வாடகையாய்க் கட்டி, 1917-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ம் தேதி ஒரு பழைய வீட்டைத் திறந்தார். முதலில் வந்தவர்கள் ஐந்து சிறுவர். அவர்களில் சிலர் கோர்ட்டு அனுப்பியவர்கள், மற்றவர்கள் வீடற்றவர்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் வீடு நிரம்பிவிட்டது. அன்றைக்குப் பண்டிகைச் சாப்பாட்டுக்கென்று யாரோ தர்மமாய்க் கொடுத்த ஒரு பீப்பாய் புளித்த முட்டைக்கோசுதான் முக்கிய பதார்த்தம் என்று சொல்வார்கள். கன்னியர் சிலர் வந்து சமையலிலும் படிப்பிலும் உதவினார்கள்.

இப்போது நாம் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இந்த வீட்டுக்கு வந்தவர்கள் சம்மனசுகள் அல்ல. பொய் சொல்லிப் பிழைத்தவர்கள், திருடிச் சாப்பிட்டவர்கள், அடித்தால்தான் அடிபடாமலிருக்கலாம் என்று தெருவில் கற்றவர்கள். நல்ல படுக்கை கிடைத்தவுடன் பழைய பழக்கம் போய்விடாது. சட்டத்தை மீறினார்கள். ஓடியும் போனார்கள். சுவாமியார் செய்யும் தீர்மானம் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் வருங்காலம் தொங்கிற்று. அவர் ஒரு கடிதம் எழுதினால் பையன் சீர்திருத்தப் பள்ளிக்குப் போவான். எழுதாமல் விட்டு, அவன் நாளை பெரிய குற்றம் செய்தால், இனி எந்தப் பையனையும் நீதிபதி இந்த வீட்டுக்கு அனுப்பமாட்டார். ஒருவனுக்காக எல்லாருக்கும் கதவு அடைபடும். இரக்கமுள்ளவர்கள் இதைச் சில சமயம் மறந்துவிடுகிறார்கள், அவர் மறக்கவில்லை.

அவர் கைக்கொண்ட முறையை மூன்றாய்ப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, அவருடைய வீட்டுக்கு மதிலுமில்லை, வேலியுமில்லை. சொந்தக் குடும்பத்தை யாரும் வேலிபோட்டு அடைப்பதில்லை என்பது அவருடைய நியாயம். இதில் ஆபத்து உண்டென்று அவருக்குத் தெரியும். ஆனால் ஓட முடியாத இடத்தில் இருக்கிறவன் நல்லவனா கெட்டவனா என்று யாருக்குத் தெரியும்? ஓடக்கூடிய இடத்தில் ஓடாமல் இருப்பவனே நன்மையைத் தானே தெரிந்துகொண்டவன். கதவு திறந்திருப்பது ஓடிப்போவதற்கு மட்டுமல்ல, திரும்பி வருவதற்கும்தான்.

இரண்டாவது, சட்டம் மீறியவனை அடித்துத் திருத்தலாம் என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடிபட்டே வளர்ந்த பிள்ளைக்கு இன்னும் ஓர் அடி புதிய பாடம் ஒன்றும் கற்பிக்காது. பழைய பாடத்தையே திருப்பிச் சொல்லும். அதற்காகத் தண்டனையே வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. கூடுதல் வேலை, விளையாட்டோ வேடிக்கையோ இழப்பது போன்ற தண்டனைகள் உண்டு. தப்புக்கும் தண்டனைக்கும் சம்பந்தமிருக்க வேண்டும்; அது முடியும் நாள் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; முடிந்தபின் அவன் மற்றவர்களைப்போல் மேசையில் உட்கார வேண்டும். நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் காண்பதும் இதுவேயல்லவா? பாவத்தை உள்ளபடி சொல்கிறோம், குருவானவர் அபராதம் விதிக்கிறார், அதை நிறைவேற்றுகிறோம், பிறகு அந்தப் பாவத்தைச் சர்வேசுரன் நம் முகத்தில் எறிவதில்லை.

மூன்றாவதுதான் பலருக்கும் ஆச்சரியத்தை உண்டாக்கிற்று. சட்டத்தைக் காக்கும் பொறுப்பைச் சிறுவர்கள் கையிலேயே அவர் கொடுத்தார். 1921-ல் ஒமாஹாவுக்கு மேற்கே சுமார் 10 மைல் தூரத்தில் 160 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி இல்லத்தை அங்கே மாற்றியிருந்தார். 1926-ல் சிறுவர்கள் வாக்குப்போட்டு அதற்குச் சிறுவர் நகரம் என்று பெயரிட்டார்கள். தங்களுக்குள் ஒரு நகரத் தலைவனையும் ஆலோசனைக்காரரையும் தேர்ந்துகொண்டார்கள். சட்டம் மீறியவனுடைய வழக்கை விசாரிக்கச் சிறுவர் மன்றமும் ஏற்பட்டது. கோர்ட்டில் குற்றவாளியாய் நின்றவர்களே இங்கே நியாயம் விசாரித்தார்கள். தன்னைப்போன்ற ஒருவன் தன் சாக்குப்போக்கைக் கேட்டுத் தலையசைக்காதபோது, பையனுக்குத் தன் குற்றம் விளங்கும். தீர்ப்புச் சொல்கிறவனோ, நாளைக்குத் தானும் அதே சட்டத்துக்கு உட்பட்டவன் என்பதால் அளவோடு தண்டிப்பான். எல்லாவற்றுக்கும் மேலே தகப்பனைப்போல் சுவாமியார் இருந்தார்.

இயற்கையிலேயே கெட்ட பையன் என்று ஒருவனுமில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். கெட்ட சூழ்நிலை, கெட்ட பழக்கம், கெட்ட முன்மாதிரி, இவைகளே உண்டு என்பார். இதை ஜன்மபாவத்தை மறுக்கும் போதனையாய் எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்வேசுரனுடைய இஷ்டப்பிரசாதம் எட்டாத ஆத்துமம் சிறுவர்களுக்குள் இல்லை என்பதே அதன் பொருள்.

அவருக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. வெள்ளைச் சிறுவரையும் கறுப்புச் சிறுவரையும் ஒரே மேசையில் சாப்பிடவும் ஒரே கூரையின்கீழ் படுக்கவும் வைத்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது பெரிய குற்றமாய் எண்ணப்பட்டது, மிரட்டல்களும் வந்தன. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தியர், யூதர் என்று பாராமல் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொருவனும் தன் வேதத்தின்படி ஜெபிக்கட்டும், ஆனால் ஜெபிக்காமல் இருக்க வேண்டாம் என்றார். பணக்கஷ்டமோ ஓயவில்லை.

1931-ல் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். வாஷிங்டன் மாகாணத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இரவில் ஒரு கடைக்குள் புகுந்தான். பிடிக்க வந்த ஷெரீப் என்னும் காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றுவிட்டான். ஆயுள் தண்டனை விதித்துப் பெரியவர்களுடைய சிறையில் அவனை அடைத்தார்கள். பிளனகன் சுவாமியார் அந்த மாகாணத்துக்கே பிரயாணம் செய்து, அவனைத் தம்மிடம் ஒப்புவிக்கும்படி ஆளுநரை மன்றாடினார். தேசமெங்கும் ஜனங்கள் அவருக்கு ஆதரவாய் எழுதினார்கள். ஆளுநர் இணங்கவில்லை. சுவாமியார் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் அந்தப் பிள்ளையின் காரியம் வீணாகவில்லை. 1941-ல், வாலிபனாய் வளர்ந்திருந்த அவன் விடுதலை பெற்றான். அதன்பின் உழைத்துப் பிழைத்து ஒழுங்காய் வாழ்ந்தான். இறந்த அதிகாரிக்கும் குடும்பம் உண்டு, அவர்கள் கண்ணீரும் உண்மைதான். சுவாமியார் அதை மறுக்கவில்லை. ஒரு ஜீவன் போனதற்காக இன்னொரு ஜீவனையும் வீணாக்க வேண்டாம் என்றே கேட்டார்.

1938-ல் சிறுவர் நகரத்தைப்பற்றிச் சினிமாப் படம் ஒன்று வெளியாகி, சுவாமியாரின் பெயர் உலகமெங்கும் பரவிற்று. அவராக நடித்த ஸ்பென்சர் டிரேசி தமக்குக் கிடைத்த ஆஸ்கார் பரிசைச் சுவாமியாருக்கே கொடுத்துவிட்டார். ஆனால் அவருடைய சரித்திரத்தில் படத்தில் வராத ஒரு பகுதியே நமக்கு அதிகப் பிரயோசனமுள்ளது.

1946-ல் தம் பிறந்த தேசமாகிய அயர்லாந்துக்கு அவர் சென்றார். ஜனங்கள் மாலை மரியாதையோடு வரவேற்றார்கள். அந்நாட்டில் ஏழைச் சிறுவரையும், சிறு குற்றம் செய்தவர்களையும், பள்ளிக்குப் போகாதவர்களையும் கோர்ட்டார் தொழிற்பள்ளிகள் என்னும் இல்லங்களுக்கு அனுப்பிவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைத் துறவற சபைகளே நடத்தின. அங்கே சட்டம் மீறியவர்களுக்குச் சாட்டையடி கிடைப்பதாய்ப் புகார்கள் அவர் காதுக்கு வந்தன. ஓடிப்போக முயன்றதற்காக ஒரு சிறுவனைக் கொடுமையாய் அடித்ததாய் வந்த புகாரும் அவற்றில் ஒன்று. விருந்தாளியாய் வந்தவர் பேசாமல் போயிருக்கலாம். அவர் பேசினார். கார்க் நகரத்துப் பொதுக்கூட்டத்தில், இப்படிப்பட்ட இல்லங்கள் தேசத்துக்கே அவமானம் என்றும், அவற்றை மாற்றும் கடமை ஜனங்களுடையது என்றும் கண்டித்தார்.

மாலை போட்டவர்கள் முகம் சுளித்தார்கள். சட்டசபையில் மந்திரியே அவருடைய பேச்சு மிகைப்படுத்திய பேச்சு என்று தள்ளிவிட்டார். காரியம் அப்படியே அமுங்கிற்று. 63 வருடங்களுக்குப் பிறகு, 2009-ம் ஆண்டில், அயர்லாந்து அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. அந்த இல்லங்களில் பிள்ளைகள் நெடுங்காலமாய் அடிக்கும் பயத்துக்கும் வேறு கொடுமைகளுக்கும் ஆளானது அதில் உறுதியாயிற்று. திருச்சபையின் பெயரால் நடந்த இல்லங்கள் அவை என்பதை மறைக்க நமக்கு உரிமையில்லை. அங்கே சட்டமிருந்தது, ஜெபமிருந்தது, ஒழுங்கிருந்தது. தப்பு செய்த பிள்ளையின் கண்ணைப் பார்த்து ஏன் செய்தாய் என்று கேட்டு, பதிலைக் கேட்கக் காத்திருக்கும் ஆள்தான் அநேக இடங்களில் இல்லை. ஓடிப்போன பிள்ளை எதற்குப் பயந்து ஓடினான் என்று கேட்காதவர்கள், அவன் ஓடியதற்காக மட்டும் தண்டித்தார்கள். சட்டமீறுதல் சில சமயம் கெட்ட மனதின் அடையாளம். சில சமயம் வீட்டிலுள்ள கேட்டின் அடையாளம். எது என்று விசாரியாமல் தண்டிப்பது நீதியல்ல.

இரண்டாம் உலக யுத்தத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆலோசனை சொல்ல, அமெரிக்க அரசாங்கம் பிளனகன் சுவாமியாரை 1947-ல் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும், 1948-ல் ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிற்று. அந்தப் பிரயாணத்தில் பெர்லின் நகரத்தில், 1948-ம் ஆண்டு மே மாதம் 15-ம் தேதி, மாரடைப்பால் மரித்தார். அவருக்கு வயது 61. சிறுவர் நகரத்துக் கோயிலிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய இல்லம் இன்றும் நடந்துவருகிறது. 1979 முதல் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 2012-ல் அவரை அர்ச்சியசிஷ்டராக்குவதற்கான விசாரணை ஒமாஹாவில் தொடங்கிற்று.

குடும்பத்தாரே, இந்தச் சரித்திரம் கோர்ட்டுக்கும் சீர்திருத்தப் பள்ளிக்கும் மட்டும் உரியது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். உங்கள் வீடும் சட்டமுள்ள வீடுதான். பிள்ளை அதை மீறும் நாள் வரும். அன்றைக்கு நாலு காரியம் ஞாபகத்திலிருக்கட்டும். கோபம் ஆறும் மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிள்ளையின் பேச்சை முழுவதும் கேளுங்கள். தப்பைத் தப்பென்றே சொல்லி, அதற்குத் தக்க தண்டனையைக் கொடுங்கள், சொன்னதைக் கைவிடாதீர்கள். தண்டனை முடிந்த பிறகு பழைய குற்றத்தை மறுபடியும் கிளறாதீர்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வீடு சிறையாகும், அல்லது சத்திரமாகும்.

சிறையிலிருந்து வந்தவனோ, அரசாங்கத்து நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பிலிருப்பவனோ உங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தால், அவனை எப்படிப் பார்க்கிறீர்கள்? வாடகைக்கு அறை கேட்டால் இல்லையென்கிறோம். வேலை கேட்டால் நாளை வா என்கிறோம். பூசைக்கு வந்தால் விலகி உட்காருகிறோம். அவன் மறுபடியும் தப்பு செய்தால், எங்களுக்கு அப்போதே தெரியும் என்கிறோம். ஊதாரிப் பிள்ளையின் உவமையில் வெளியே நின்று முறுமுறுத்த மூத்த குமாரன் ஒரு சட்டத்தையும் மீறாதவன். ஆனாலும் விருந்துக்கு வெளியே நின்றவன் அவன்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்த வாரம் இரவு ஜெபத்தின்போது, கோர்ட்டின் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களை நடத்துகிறவர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரமும் ஒரு பிரியதத்த மந்திரமும் குடும்பமாய்ச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். தவறிய பிள்ளையை நேராய்த் தண்டிக்கும் ஞானத்தையும், தண்டித்தபின் முழுமனதாய் ஏற்றுக்கொள்ளும் அன்பையும் சர்வேசுரன் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக.

உங்கள் பங்குக்குரு